படை இல்லாமல் பட்டம் வென்ற சீட்டுக்கட்டு!

படை இல்லாமல் போருக்குப் போகிறவன் வெற்றியோடு திரும்புவானா?

"அது எப்படி முடியும்?" என்றுதான் எவரும் கேட்பார்கள்.

ஆனால், முடிந்தது!

2018-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், ஸ்பெயின் நாட்டில் உள்ள பில்பாவோ நகரில் ஒரு பெரிய சீட்டுப் போட்டி நடந்தது. பல நாடுகளில் இருந்து கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் வந்து கூடினார்கள். ஒவ்வொருவரும் ஒரு சீட்டுக்கட்டு கொண்டு வந்தார்கள். அரக்கர், வீரர், பூதம், நெருப்பு, இடி என்று எதிரியை அடித்து வீழ்த்தும் சீட்டுகள் அந்தக் கட்டுகளில் இருந்தன.

அர்ஜென்டினா நாட்டைச் சேர்ந்த லூயிஸ் சால்வாட்டோ என்பவரும் ஒரு கட்டு கொண்டு வந்தார். அவருடைய கட்டில் எதிரியை அடிக்கப் படை இல்லை. ஒரு விளக்கு இருந்தது. ஏடு கிழிக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. ஒரு பாலம் இருந்தது. இன்னும் சில சில்லறைச் சாமான்கள் இருந்தன. அவ்வளவுதான்!

இறுதியில் பட்டம் யாருக்கு? சால்வாட்டோவுக்கு! முதல் பரிசு 50 ஆயிரம் டாலர்!

விளக்கையும் பாலத்தையும் வைத்துக்கொண்டு ஒருவர் எப்படி வென்றார்? அந்தக் கதை சுவையானது. அதில் அறிவுக்கும் வேலை இருக்கிறது. கணக்குக்கும் வேலை இருக்கிறது.

பேராசிரியர் கண்ட ஆட்டம்

சீட்டு என்றதும் பலருக்கு ராஜா, ராணி, ஜாக்கிதான் நினைவுக்கு வரும். இது அந்தச் சீட்டு அல்ல. இந்த ஆட்டத்தின் பெயர் 'மேஜிக் தி கேதரிங்'. 'மேஜிக்' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்டு கார்பீல்டு. இவர் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜேம்ஸ் கார்பீல்டின் பரம்பரையில் வந்தவர்.

புதிய விளையாட்டு ஒன்றுக்கான யோசனையுடன் இவர் ஒரு சிறிய கம்பெனியை அணுகினார். அந்தக் கம்பெனியின் பெயர் 'விசர்ட்ஸ் ஆப் தி கோஸ்ட்'. அதன் தலைவர் பீட்டர் அட்கிசன். "இதைத் தயாரிக்கப் பணம் அதிகம் பிடிக்கும். எங்கும் எளிதில் எடுத்துச் செல்லக்கூடிய, சீக்கிரம் ஆடி முடிக்கக்கூடிய விளையாட்டு ஏதாவது செய்து தர முடியுமா?" என்ற பொருளில் அவர் கேட்டார். அதற்குப் பதிலாகப் பிறந்ததுதான் மேஜிக். 1993-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அது கடைக்கு வந்தது.

சாதாரணச் சீட்டுக்கட்டில் 52 சீட்டுகள். யார் வாங்கினாலும் அதே 52 சீட்டுகள்தான். மேஜிக் அப்படி அல்ல. இன்றுவரை 25 ஆயிரத்துக்கு மேற்பட்ட விதவிதமான சீட்டுகள் வெளிவந்துவிட்டன. ஆண்டுதோறும் புதிய சீட்டுகள் வருகின்றன. அவற்றில் தமக்கு வேண்டியதை வாங்கி, அல்லது நண்பர்களிடம் மாற்றிக்கொண்டு, ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு கட்டு தயாரிக்க வேண்டும்.

ஆகவே, ஆட்டம் மேஜையில் தொடங்குவது இல்லை. முதல் நாள் வீட்டில், கட்டு தயாரிக்கும்போதே தொடங்கிவிடுகிறது!

ஆரம்ப காலத்தில், வென்றவருக்குத் தோற்றவர் ஒரு சீட்டைக் கொடுத்துவிட வேண்டும் என்ற பந்தய விதியும் இருந்தது. நாளடைவில் அது கைவிடப்பட்டது.

ஆடுவது எப்படி?

ஆட்டம் பெரும்பாலும் இரண்டு பேருக்கு இடையே நடக்கும். ஒவ்வொருவரிடமும் குறைந்தது 60 சீட்டுகள் கொண்ட கட்டு இருக்கும். சாதாரண நிலச் சீட்டுகளைத் தவிர, ஒரே சீட்டை நாலு முறைக்கு மேல் வைக்கக் கூடாது.

ஒவ்வொருவருக்கும் உயிர் 20. ஆட்டம் தொடங்கும்போது கையில் 7 சீட்டுகள். மீதி, மேஜைமேல் கவிழ்த்து வைத்த அடுக்காக இருக்கும். தம்முடைய முறை வரும்போது அடுக்கின் மேலே இருக்கும் சீட்டு ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு முறைக்கு ஒரு நிலச் சீட்டைக் கீழே வைக்கலாம். நிலம்தான் வருமானம். நிலம் தரும் சக்தியைச் செலவழித்துத்தான் மற்றச் சீட்டுகளை இறக்க முடியும். சிறிய சீட்டுக்கு ஒரு பங்கு சக்தி போதும். பெரிய பூதத்துக்கு ஐந்து, ஆறு பங்கு வேண்டும்.

வீரர்களை இறக்கி, எதிரியை அடித்து, அவருடைய 20 உயிரையும் போக்கினால் வெற்றி. இதுதான் ராஜபாட்டை.

இன்னொரு வழியும் உண்டு. எடுக்க வேண்டிய முறை வரும்போது ஒருவருடைய அடுக்கில் சீட்டே இல்லாவிட்டால், அவர் தோற்றவர் ஆவார். இந்தச் சின்ன விதியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலைக்கு வரும்!

எல்லோரும் ஒரே பாதையில்

25 ஆயிரம் சீட்டுகள் இருக்கின்றன என்றால், கட்டுகளும் ஆயிரம் விதமாக இருக்க வேண்டும் அல்லவா?

பெரிய போட்டிகளில் அப்படி இருப்பது இல்லை. ஒரு போட்டியில் ஒரு கட்டு வென்றுவிட்டால், அடுத்த வாரமே அதைப் பார்த்துப் பலரும் அதே மாதிரி தயாரித்துவிடுவார்கள். அதில் தவறு இல்லை. வென்று காட்டிய கட்டு நம்பிக்கையானது. நுழைவுக் கட்டணம் கட்டி, வெளியூர் போய், ஓட்டலில் தங்கி ஆடுகிறவர் பரீட்சித்துப் பார்க்காத கட்டை நம்பத் தயங்குவார்.

இதனால் சில சீட்டுகளுக்குக் கிராக்கி ஏற்படுகிறது. எல்லோரும் தேடும் சீட்டின் விலை ஏறுகிறது. யாரும் தேடாத சீட்டு பெட்டிக்குள் கிடக்கிறது.

அந்தப் பெட்டியைக் கிளறிப் பார்ப்பவர்களும் உலகில் இருக்கிறார்கள். "இது எதற்கும் உதவாது" என்று மற்றவர்கள் ஒதுக்கியதைக் கையில் எடுத்து, "இது எதற்கு உதவும்?" என்று கேட்கிறவர்கள் அவர்கள்.

சின்னப் பூதங்கள் செய்த வேலை

1996-ம் ஆண்டிலேயே இப்படி ஒரு சம்பவம் நடந்தது.

அமெரிக்காவில் உள்ள அட்லாண்டா நகரில் ஒரு தகுதிப் போட்டி. அதில் பால் ஸ்லை என்பவர் ஒரு சிவப்புச் சீட்டுக்கட்டுடன் வந்தார். கட்டைப் பார்த்தால் சிரிப்பு வரும். அதில் குட்டிச்சாத்தான்களும் குள்ளர்களும் இருந்தார்கள். 'இரும்பு நக அரக்கர்கள்' என்று ஒரு சீட்டும் இருந்தது. அந்த அரக்கர்கள் பெயரில்தான் அரக்கர்கள். தங்கள் அளவுக்குப் பலம் உள்ள எதிரி வந்தால்கூடத் தடுக்க மாட்டார்கள்! பயந்தாங்கொள்ளிகள். அதனால் நல்ல ஆட்டக்காரர்கள் அந்தச் சீட்டைத் தொடுவது இல்லை.

ஆனால், அந்தக் கட்டின் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. கணக்கைப் போட்டவர் ஜே ஷ்னைடர் என்பவர்.

அது நம் வீட்டு வரவு செலவுக் கணக்கு போன்றது. முதல் முறையில் ஒரு நிலம்தான் இருக்கும். ஆகவே, ஒரு பங்கு சக்தியில் இறங்கும் சீட்டு வேண்டும். இரண்டாம் முறையில் இரண்டு நிலம். அதற்கு இரண்டு பங்கில் இறங்கும் சீட்டு வேண்டும். மூன்றாம் முறைக்கு மூன்று. இப்படி, வருகிற சக்தியை ஒரு முறைகூட வீணாக்காமல் செலவழிக்க வேண்டும். இதுதான் திட்டம்.

மற்றவர்கள் ஐந்து, ஆறு நிலம் சேரட்டும் என்று பெரிய பூதத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அதற்குள் குட்டிச்சாத்தான்கள் வந்து நாலு அடி அடித்துவிட்டன! மீதி உயிரை மின்னல் சீட்டுகள் பறித்தன. அடிக்கப் போகிறவனுக்குத் தடுக்கத் தெரியாவிட்டால் என்ன? முந்திக்கொண்டால் போதாதா?

பால் ஸ்லை அந்தப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றார். முதல் இடம் பெற்ற கட்டைவிட இரண்டாம் இடம் பெற்ற கட்டுதான் புகழ் பெற்றது. அந்த மாதிரிக் கட்டுக்கு 'ஸ்லை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. கணக்கைப் போட்டவர் ஒருவர். பெயர் பெற்றவர் இன்னொருவர்! சக்திக்கு ஏற்றபடி சீட்டுகளை அளந்து வைக்கும் அந்த முறையை இன்று எல்லா ஆட்டக்காரர்களும் பின்பற்றுகிறார்கள்.

விளக்கு, இயந்திரம், பாலம்

ஸ்லை கட்டு எதிரியை வேகமாக அடித்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு தோன்றிய இன்னொரு கட்டு, எதிரியை அடிக்கவே இல்லை! அதுதான் 'விளக்குக் கட்டு'.

அதில் உள்ள முக்கியமான சீட்டுகள் மூன்று.

முதலாவது விளக்கு. 2004-ம் ஆண்டு வெளிவந்த சீட்டு. அதை இறக்கிவிட்டால், இரண்டு ஆட்டக்காரர்களும் தங்கள் அடுக்கின் மேல் சீட்டைத் திறந்து வைக்க வேண்டும். அடுத்து என்ன வரப்போகிறது என்று இருவருக்கும் தெரிந்துவிடும். "தெரிந்து என்ன பயன்? வருவது வந்துதானே தீரும்" என்று பலர் இதை ஒதுக்கிவிட்டார்கள்.

இரண்டாவது, ஏடு கிழிக்கும் இயந்திரம். 2012-ம் ஆண்டு வந்தது. ஒவ்வொரு முறையும் ஒருவருடைய அடுக்கின் மேல் சீட்டு ஒன்றை இது தள்ளிவிடும். தள்ளிய சீட்டு கழிவுக் குவியலுக்குப் போய்விடும். 60 சீட்டில் ஒன்று போனால் எதிரிக்கு என்ன நஷ்டம்? அதனால் இதையும் பெரிதாக யாரும் மதிக்கவில்லை. 2011-ம் ஆண்டு வந்த பேய்மணி என்ற சீட்டும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்யும். இருவருடைய மேல் சீட்டையும் அது தள்ளும்.

மூன்றாவது பாலம். 1998-ம் ஆண்டு வந்த பழைய சீட்டு. பாலத்துக்கு உரியவரின் கையில் எத்தனை சீட்டு இருக்கிறதோ, அதைவிட அதிகப் பலம் உள்ள வீரன் தாக்க முடியாது. கையில் இரண்டு சீட்டு இருந்தால், மூன்று பலம் உள்ளவன் தாக்க முடியாது. கையில் ஒன்றுமே இல்லாவிட்டால்? பலம் உள்ள எவனும் தாக்க முடியாது! வெறுங்கைதான் கோட்டை!

இப்போது மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

விளக்கு, எதிரிக்கு அடுத்து வரும் சீட்டைக் காட்டுகிறது. அது ஆபத்தான சீட்டா? இயந்திரம் அதைத் தள்ளிவிடுகிறது. உதவாத சீட்டா? "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிடலாம். இப்படியே நடந்தால், எதிரியின் கைக்கு வேண்டாத சீட்டுகள்தான் வந்துகொண்டிருக்கும். எதிரி ஏற்கெனவே இறக்கிய வீரர்கள் பாலத்தின் முன்னால் நின்றுவிடுகிறார்கள்.

விளக்குக் கட்டில் உள்ள சாமான்கள் பெரும்பாலும் மிகக் குறைந்த சக்தியில் இறங்கக்கூடியவை. வந்ததும் இறக்கிவிடலாம். அதனால் கை சீக்கிரம் காலியாகிவிடும். காலியான கையே பாலத்தைக் காக்கும்!

பிறகு? காத்திருக்க வேண்டியதுதான். எதிரியின் அடுக்கு கரைந்துகொண்டே வரும். ஒருநாள் வற்றும் கிணறு போல, கடைசிச் சீட்டும் போய்விடும். எடுக்கச் சீட்டு இல்லாவிட்டால் தோல்வி என்ற விதி ஞாபகம் இருக்கிறதா? ஓர் அடிகூட அடிக்காமல் வெற்றி!

விளக்கு ஒரு வருடம், மணி ஒரு வருடம், இயந்திரம் ஒரு வருடம், பாலம் ஒரு வருடம் என்று வெளிவந்தவை இவை. தனித்தனியே பார்த்தால் ஒன்றும் பெரிதில்லை. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்தது ஆட்டக்காரர்களின் மூளை. பல ஊர்களில் இருந்த ஆர்வலர்கள் யோசனைகளைப் பரிமாறிக்கொண்டு, சீட்டுகளைக் கூட்டியும் குறைத்தும், படிப்படியாக இந்தக் கட்டை உருவாக்கினார்கள்.

கணக்கு சொல்லும் ரகசியம்

"எதிரிக்கு ஆபத்தான சீட்டுகளே அடுத்தடுத்து வந்தால் என்ன செய்வது?" என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி. இங்கேதான் கணக்கு வருகிறது.

எதிரியின் அடுக்கில், நாலு சீட்டுக்கு ஒன்று ஆபத்தான சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் ஒன்று இருந்தால், ஒரு சீட்டைத் தள்ளலாம். ஆகவே, எதிரி தப்பிக்க வேண்டுமானால் ஆபத்தான சீட்டுகள் இரண்டு தொடர்ந்து வர வேண்டும். அது சுமார் 16 தடவைக்கு ஒரு தடவைதான் நடக்கும்.

இரண்டு இயந்திரங்கள் இருந்தால் மூன்று சீட்டுகள் தொடர்ந்து வர வேண்டும். சுமார் 64-க்கு ஒன்று. மூன்று இயந்திரங்கள் இருந்தால் நாலு தொடர்ந்து வர வேண்டும். சுமார் 256-க்கு ஒன்று! ஒவ்வோர் இயந்திரமும் ஒரு பூட்டு. பூட்டு கூடக் கூட, எதிரி வெளியே வரும் வழி அடைபடுகிறது.

சரி, வேண்டிய சீட்டு ஆரம்பத்திலேயே கைக்கு வருமா? அதற்கும் கணக்கு உண்டு. 60 சீட்டில் ஒரு சீட்டை நாலு முறை வைத்தால், முதலில் எடுக்கும் 7 சீட்டுகளில் அது ஒன்றாவது இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 40. அது போதாது. அதே வேலையைச் செய்யும் வேறு சீட்டுகளையும் சேர்த்து எட்டாக்கினால், வாய்ப்பு நூற்றுக்கு 65 ஆகிறது. இயந்திரத்தோடு மணியையும் சேர்த்துக்கொள்வதன் காரணம் இதுதான்.

புதுவிதமான கட்டு என்றால் கண்ட சீட்டையும் கலந்து கட்டுவது என்று நினைக்கக் கூடாது. வழக்கமான கட்டைவிட அதற்குக் கணக்கு அதிகம் வேண்டும்.

கத்திக்கு வேலை இல்லை

புதுவிதமான கட்டுக்கு இன்னொரு பலமும் உண்டு.

எல்லோரும் வீரர்களை இறக்கி ஆடுவதால், எல்லோரும் வீரர்களைக் கொல்லும் சீட்டுகளையும் கட்டில் வைத்திருப்பார்கள். விளக்குக் கட்டுக்கு எதிரே உட்கார்ந்தால் அந்தச் சீட்டுகளால் என்ன பயன்? கொல்ல வீரன் வேண்டுமே! எதிரியின் கத்தி உறையிலேயே துருப்பிடிக்கிறது.

அது மட்டுமா? பழகிய கட்டு என்றால், எந்தச் சீட்டுக்குப் பயப்பட வேண்டும் என்று எதிரிக்குத் தெரியும். பழகாத கட்டு என்றால் தெரியாது. விளக்கு இறங்கும்போது, "இது என்ன செய்துவிடும்?" என்று பேசாமல் இருந்துவிடுவார். விஷயம் புரியும்போது பாலம் இறங்கியிருக்கும்!

ஆனால், இந்த அனுகூலம் ரொம்ப நாள் நிலைக்காது. போட்டிகளில் ஒவ்வொருவரும் கட்டுக்கு வெளியே 15 சீட்டுகளைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். ஓர் ஆட்டம் முடிந்து அடுத்த ஆட்டம் தொடங்கும் முன் அவற்றை மாற்றிச் சேர்க்கலாம். விளக்கையும் பாலத்தையும் உடைக்கும் சீட்டுகளை எதிரிகள் அந்தப் பதினைந்தில் வைக்கத் தொடங்குவார்கள். அதனால், எதிரியின் கையை ஆரம்பத்திலேயே பார்த்து, ஆபத்தான சீட்டைக் கீழே போடச் செய்யும் சீட்டுகளும் விளக்குக் கட்டில் உண்டு. அவற்றில் ஒன்றை ஆட, தம்முடைய உயிரில் இரண்டைக் கொடுக்க வேண்டும். அதற்கும் துணிய வேண்டும்.

ஓக்லஹோமாவில் முதல் வெற்றி

2015-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். அமெரிக்காவில் உள்ள ஓக்லஹோமா நகரில் இரண்டு நாள் போட்டி. ஜாக் எல்சிக் என்பவர் விளக்குக் கட்டுடன் வந்தார்.

அதுவரை அந்தக் கட்டை வேடிக்கைப் பொருளாகவே பலர் நினைத்திருந்தார்கள். வீட்டில் நண்பர்களோடு ஆடலாம். பெரிய போட்டியில் சுற்றுக்குப் பின் சுற்றாகத் தாக்குப்பிடிக்குமா? கடிகாரமும் எதிரிதான்! மூன்றில் இரண்டு ஆட்டம் வெல்ல வேண்டும். ஒரு சுற்றுக்கு 50 நிமிஷம்தான். விளக்குக் கட்டோ மெதுவாக வெல்லும் கட்டு. ஒவ்வொரு முறையும், "இந்தச் சீட்டைத் தள்ளுவதா, விடுவதா?" என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு தடவை தவறாக விட்டால், அந்த ஒரு சீட்டு பாலத்தை உடைத்துவிடும். பாலம் உடைந்தால் படை உள்ளே வந்துவிடும். தடுக்க ஆள் இல்லை! யோசித்துக்கொண்டே இருந்தால் நேரம் போய்விடும்.

எல்சிக் கட்டை நன்றாக அறிந்திருந்தார். தம் கட்டை மட்டும் அறிந்தால் போதாது. எதிரே வரக்கூடிய ஒவ்வொரு கட்டிலும் எது ஆபத்து, எது வெறும் சத்தம் என்றும் தெரிய வேண்டும். இந்தக் கட்டை ஆடுவதில் பெரிய உழைப்பே இதுதான்.

இரண்டாம் நாள் முடிவில் பட்டம் எல்சிக்குக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு எவரும் விளக்கைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

பில்பாவோவில் மகுடம்

ஆயினும், உலகப் புகழ் பெற்ற ஆட்டக்காரர்கள் கூடும் 'புரோ டூர்' போட்டியில் இது வெல்லுமா என்ற சந்தேகம் இருந்தது. அதைத் தீர்த்தவர்தான் சால்வாட்டோ.

இதற்கிடையில் கட்டும் வளர்ந்திருந்தது. 2017-ம் ஆண்டு வந்த ஒரு புதிய சீட்டு, வேண்டிய சாமானைக் கட்டுக்குள் தேடி எடுத்து நேரே மேஜைமேல் வைத்தது. பாலம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டிய அவசியம் குறைந்தது.

2018 பிப்ரவரி 2-ந் தேதி முதல் 4-ந் தேதி வரை பில்பாவோவில் போட்டி. சில சுற்றுகளில், அங்கேயே பிரித்த புதுச் சீட்டுகளைக் கொண்டு ஆட வேண்டும். மற்றச் சுற்றுகளில் வீட்டில் தயாரித்த கட்டு. இரண்டிலும் தேறியவர்களில் எட்டுப் பேர் கடைசி நாளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். சால்வாட்டோ அவர்களில் ஒருவர்.

இறுதி ஆட்டத்தில் அவருக்கு எதிரே உட்கார்ந்தவர் அமெரிக்காவின் ஜெர்ரி தாம்சன். அனுபவசாலி. புரோ டூர் பட்டம் ஏற்கெனவே வென்றவர். விளக்குக் கட்டைக் கண்டு ஏமாறக்கூடியவர் அல்ல. இங்கே திகைப்பினால் வெல்ல முடியாது. திறமையினால்தான் வெல்ல வேண்டும். சால்வாட்டோ வென்றார்!

இது நியாயமா?

வெற்றி எல்லோருக்கும் மகிழ்ச்சி தரவில்லை. ஆட்டக்காரர்களிடையே ஒரு வாதம் கிளம்பியது.

"விளையாட்டு என்றால் இருவரும் ஆட வேண்டும். இந்தக் கட்டின் எதிரே உட்கார்ந்தவர் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாக இருக்கிறது. இது என்ன விளையாட்டு?" என்றார்கள் ஒரு சாரார்.

அதில் உண்மை இல்லாமல் இல்லை. வேண்டிய சீட்டு கண்ணெதிரே வந்து, கைக்கு எட்டாமல் போவதைப் பார்ப்பது வேதனைதான். பல பேர் அடுக்கு தீரும்வரை காத்திராமல், "தோற்றேன்" என்று எழுந்துவிடுவார்கள்.

மற்றொரு சாரார் இதை மறுத்தார்கள். "விதியை மீறியா ஆடினார்? இல்லையே! உடைக்க வழி இருக்கிறது. தேடிக் கண்டுபிடிப்பது எதிரியின் பொறுப்பு" என்பது அவர்கள் வாதம்.

விதி விளக்குக்கு எதிராகத் திரும்பவில்லை. ஆனால், 2020-ம் ஆண்டு ஜனவரி மாதம் வேறோர் அடி விழுந்தது. அந்தக் கட்டுக்கு வேகம் கொடுத்து வந்த 'மாக்ஸ் ஓபல்' என்ற சீட்டை, இந்தப் பிரிவுப் போட்டிகளில் தடை செய்தார்கள். வேறு பல கட்டுகளும் அதைப் பயன்படுத்தின. 2024-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அந்தத் தடை நீக்கப்பட்டது.

கட்டு தயாரிப்போர் கவனத்துக்கு

வீட்டில் பிள்ளைகள் இந்த மாதிரிச் சீட்டுகளைப் பரப்பிவைத்துக்கொண்டு, "நான் புதிதாக ஒரு கட்டு செய்திருக்கிறேன்" என்று சொல்லலாம். அப்போது அவர்களிடம் சில கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

இந்தக் கட்டு எந்த வழியில் வெல்லும்? ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். "அடுக்கைத் தீர்த்து வெல்லும்" என்று விளக்குக் கட்டைப் பற்றிச் சொல்லிவிடலாம்.

முக்கியமான சீட்டு வராவிட்டால் என்ன செய்யும்? அதே வேலைக்கு இன்னொரு சீட்டு இருக்கிறதா?

எதிரி எந்தச் சீட்டால் இதை உடைப்பார்? உடைத்தால் அடுத்த யோசனை என்ன?

எத்தனை ஆட்டம் ஆடிப் பார்த்தாய்? தோற்ற ஆட்டத்தில் எந்தச் சீட்டு கையில் சும்மா கிடந்தது?

பதில் சொல்ல முடியாவிட்டால், கட்டு இன்னும் பக்குவப்படவில்லை என்று பொருள். புதுவிதமாகச் செய்யும் கட்டுகளில் பெரும்பாலானவை தோற்றுத்தான் போகும். அதற்காக வருந்த வேண்டியது இல்லை. தோல்வி சொல்லிக் கொடுத்தபடி ஒரு சீட்டை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்க வேண்டும். மறுபடியும் ஆட வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'மலிவுச் சீட்டுகளால் வென்ற கட்டு' என்று கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. விளக்கும் மணியும் அற்ப விலைக்குக் கிடைத்தவைதான். பாலமும் மாக்ஸ் ஓபலும் அப்படி அல்ல, நல்ல விலை. ஆகவே, சீட்டு வாங்குவதற்கு முன், வீட்டில் பெரியவர்களைக் கேட்டுக்கொள்வது நல்லது. வெறும் காகிதத்தில் பெயர் எழுதி வைத்துக்கொண்டும் நண்பர்களோடு ஆடிப் பார்க்கலாம். கட்டு தேறுமா தேறாதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அடுக்கின் மேலே என்ன இருக்கிறது என்று விளக்கு காட்டும். தள்ளுவதா, விடுவதா என்று விளக்கு சொல்லாது. அதை ஆடுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்!